உறைபனிக் காலையில் 85 பாகை!

கேள்வி: மரக்கறித் தோட்டத்தில் தை மாதத்து உறைபனியைக் கவனிப்பதற்காக மூன்று பாத்திகளில் டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரிகளை வைத்து, வீட்டிலுள்ள ஈஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்திப் பலகை வரை 60 மீற்றர் கேபிளில் இரண்டு கம்பிகளை மட்டும் இழுத்துள்ளேன். மேசையில் ஒழுங்காக வேலை செய்தவை, தோட்டத்தில் சில வேளை 85 பாகையும் சில வேளை சய 127 பாகையும் காட்டுகின்றன. உணரிகள் பழுதா?
– வாசகர், கந்தப்பளை

பதில்: உணரிகளைச் சந்தேகிக்கும் முன் கேபிளைச் சந்தேகியுங்கள். 85 என்பது மின் கிடைத்தவுடன் உணரியின் நினைவகத்தில் இருக்கும் தொடக்கப் பெறுமானம். வெப்பநிலையை அளந்து முடிக்க மின் போதாமல் போனால் அதுவே திரும்பி வரும். உணரியே முறைப்படி அனுப்புவதால், பிழை கண்டறியும் சிஆர்சி சோதனையிலும் அது அகப்படாது. சய 127 என்பதோ, பதில் சரியாகக் கிடைக்கவில்லை என நிரலகம் (உணரியை வாசிக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) தரும் அடையாளம் மட்டுமே.

இரண்டு கம்பி முறையில் உணரி தரவுக் கம்பியிலிருந்தே மின்னை எடுக்கிறது. அளக்கும்போது அதற்கு ஏறத்தாழ 1.5 மில்லிஅம்பியர் வேண்டும், தரவுக் கம்பியை மின்னுடன் இணைக்கும் 4.7 கிலோஓம் தடையியூடாக அவ்வளவு ஓட வேண்டுமானால் தடையியிலேயே 7 வோல்ட் வீழ வேண்டும், உங்களிடம் இருப்பதோ 3.3 வோல்ட். அவ்வேளையில் நிரல் தரவுக் கம்பியை நேரே மின்னுடன் இணைத்துக் கொடுத்தாலொழிய இது நடவாது. ஆகவே மூன்றாவது கம்பியில் தனியாக மின் கொடுங்கள். மீதிக் குறையை அதன் பின் தேடலாம்.

அந்த மீதிக் குறை பெரும்பாலும் கேபிளின் கொள்ளளவமாக (கம்பிகளிடையே மின்னேற்றம் தேங்கும் அளவு) இருக்கும். வலையமைப்புக் கேபிளில் மீற்றருக்குச் சுமார் 50 பிக்கோபரட் என்று கொண்டால், 60 மீற்றருக்கு 3000 பிக்கோபரட், 4.7 கிலோஓமுடன் பெருக்கினால் நேர மாறிலி, அதாவது கம்பியின் வோல்ட்டளவு எவ்வளவு மெதுவாக மேலேறும் என்பதன் அளவு, 14 மைக்ரோசெக்கன். வாசிப்புக்கான ஒவ்வொரு துடிப்பையும் ஈஎஸ்பி32 தொடங்கி 15 மைக்ரோசெக்கனுக்குள் பார்த்துவிட வேண்டுமாதலால், மெதுவாக மேலேறும் 1 அதற்கு 0 ஆகவே தெரியும். தடையியை 1.5 கிலோஓமாக மாற்றினால் நேரம் 4.5 மைக்ரோசெக்கனாகக் குறையும். அதற்காக 1 கிலோஓமுக்குக் கீழே இறங்காதீர்கள். உணரியால் 4 மில்லிஅம்பியருக்கு மேல் இழுத்துக் கம்பியைத் தாழ்த்த முடியும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

வீட்டிலிருந்து பாத்திக்கொன்றாக மூன்று கிளைகள் இழுத்திருந்தால், ஒவ்வொரு முனையிலிருந்தும் சமிக்ஞை எதிரொலித்துத் திரும்பும். ஒரே கேபிளைப் பாத்தி பாத்தியாகக் கொண்டு சென்று, வழியில் உணரிகளைக் குறுகிய கம்பியால் தொடுப்பதே நல்லது. தரவையும் புவிக் கம்பியையும் ஒரே முறுக்குச் சோடியில் வையுங்கள். எஞ்சும் கம்பிகளைப் புவியுடன் கட்டிவிடப் பலருக்கும் கை துறுதுறுக்கும். கட்டினால் கொள்ளளவம் கூடும், இரு முனைகளிலும் சும்மா விட்டுவிடுங்கள். நிரலில் ஒரு வரி: 750 மில்லிசெக்கன் காத்திருந்து வாசித்த பின்னும் சரியாக 85 வந்தால், அதை ஏற்காமல் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்; கந்தப்பளை மண் அவ்வளவு சுடாது.