கம்பெனி தொடங்கத்தான் ஃபெலோஷிப்பா?

கல்லூரிக்குள் புத்தாக்கத்தையும் தொழில்முனைவையும் வளர்க்கும் மாணவர் ஃபெலோஷிப் பற்றி வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். படிக்கும் காலத்தில் நானும் ஃபெலோவாக இருந்தேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிறேன்.

அக்கா, ஃபெலோ ஆனால் கம்பெனி ஆரம்பிக்கப் பணம் கிடைக்குமா? (இன்ஜினியரிங் மாணவர், காட்பாடி)

கிடைக்காது தம்பி. பணம் வேண்டுமானால் அது வேறு பாதை. புதுத்தொழில்களுக்கு உதவும் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தரும் டான்சீட் என்ற விதை நிதி (தொழில் தொடங்க ஆரம்பப் பணம்) போன்றவை அதற்கு இருக்கின்றன. ஃபெலோஷிப் உங்கள் கம்பெனிக்காக அல்ல, உங்கள் கல்லூரிக்காக. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள டி.ஸ்கூல் என்ற வடிவமைப்புப் பள்ளி வளர்த்த யுனிவர்சிட்டி இன்னோவேஷன் ஃபெலோஸ் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில வாரம் ஆன்லைன் பயிற்சி. அதில் முக்கியமான வேலை, நம் கல்லூரியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கணக்கெடுப்பது. 3டி பிரிண்டர் இருக்கும். ஒரு டிபார்ட்மென்ட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. லேப் இருக்கும், ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பூட்டு மற்ற மாணவர்களுக்கும் திறக்க வேண்டும். ஃபெலோ பாடுபட வேண்டியது அதற்குத்தான்.

நான் பி.ஏ. தமிழ். எனக்கு இதில் இடம் உண்டா அக்கா? (சேர்க்காடு)

கட்டாயம் உண்டும்மா. நீங்கள் வர வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் குழுவில் வரலாறு படித்த ஒரு பெண் இருந்தாள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், ஜார்கண்டிலிருந்தெல்லாம் வந்து காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்குகிறவர்களுக்கு ஒரு ஆப் செய்யலாம் என்று பையன்கள் கோடிங்கில் இறங்கிவிட்டார்கள். இவள் மட்டும் மூன்று சாயங்காலம் ஒரு லாட்ஜ் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். ஒரு பெரியவர் மாத்திரை அட்டையைக் காட்டி, கையை வாய்க்குக் கொண்டுபோய், அப்புறம் வயிற்றைத் தட்டிக் காட்டினாராம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்கிறார். அவரிடம் இருந்தது பட்டன் போன். ஆப்பை வைத்து அவர் என்ன செய்வார்? கடைசியில் நாங்கள் செய்தது ஒரு அட்டை. சூரியன், நிலா, காலித் தட்டு, சோறு வைத்த தட்டு. மருந்துக்கடைக்காரர் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தால் போதும். படிக்கட்டில் உட்காரும் அந்தப் பொறுமையை எந்த லேபிலும் சொல்லித் தருவதில்லை.

தோல் கழிவில் ஒரு பொருள் செய்திருக்கிறோம். கண்காட்சியில் வைத்துவிட்டுப் பேடண்ட் (காப்புரிமை) போடலாமா? (ராணிப்பேட்டை)

வேண்டாம், அவசரப்படாதீர்கள். முதலில் விண்ணப்பம், பிறகுதான் கண்காட்சி. ஊரறியக் காட்டிவிட்டால் 'புதியது' என்ற தகுதியே போய்விடலாம். தற்காலிக விண்ணப்பம் ஒன்று போட்டு வைத்தால், முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. தனிநபர் ஆன்லைனில் போட்டால் கட்டணம் 1,600 ரூபாய். உரிமை உங்களுக்கா, கல்லூரிக்கா என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மகள் இதில் சேர்ந்தால் படிப்பு கெட்டுவிடாதா மேடம்? (ஒரு தாய், குடியாத்தம்)

உங்கள் கவலை நியாயமானது அம்மா. நிகழ்ச்சி நடத்துவதிலேயே பொழுதைப் போக்கி, ஐந்தாம் செமஸ்டரில் நான் ஒரு பேப்பர் அரியர் வைத்தேன். அதனால் இப்போது இன்டர்னல் தேர்வு இருக்கும் மாதத்தில் எந்த நிகழ்ச்சியும் வைக்க விடுவதில்லை. மகளிடமும் அதைக் கறாராகச் சொல்லுங்கள்.

லேப் பொறுப்பாளர் மாலையில் திறக்கவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது? (பெயர் வேண்டாம் அக்கா)

கல்லூரி முதல்வரிடம் மனு கொண்டுபோகாதீர்கள். லேப் பொறுப்பாளரிடமே போய், "என்ன பயம் சார்?" என்று கேளுங்கள். எங்களுக்கும் ஒருவர் இப்படித்தான் மறுத்தார். கேட்ட பிறகுதான் தெரிந்தது, முன்பு ஒரு டிரில்லிங் மெஷின் காணாமல் போய், அதற்குத் தன் கைக்காசைக் கட்டியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சுவரில் ஆணி அடித்து, ஸ்பேனர், சுத்தியல் என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்தோம். எது திரும்பவில்லையோ அந்த இடம் வெறும் உருவமாக நிற்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். பக்கத்தில் ஒரு கையெழுத்து நோட்டும் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டாம் மாதம் சாவியை எங்களிடமே கொடுத்தார்.