ஃபேன் மாட்டியும் நாற்றம் போகாத குழிக் கழிப்பறை

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு குழிக் கழிப்பறை கட்டியிருக்கிறோம். உள்ளே நாற்றம் தாங்க முடியவில்லை. கூரைக்குக் கீழே மூன்று சுவரிலும் காற்றுத் துளை விட்டோம். எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டிவிட்டோம். ஃபேன் ஓடும்போது வாடை இன்னும் கூடுவதுபோல் இருக்கிறது. குழியிலிருந்து 75 மி.மீ. பிவிசி குழாய் ஒன்று கூரை மட்டம் வரை போகிறது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: வாடை கூடுவது உங்கள் பிரமை இல்லை. முதலில் அந்த ஃபேனை நிறுத்துங்கள். அது அறைக் காற்றை வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டுமே! கதவிடுக்கில் கொஞ்சம் வரும். மீதி, காலடியில் இருக்கும் துளை வழியாகக் குழியிலிருந்து ஏறி வரும். காற்று மோதாத பக்கத்துச் சுவரில் விட்ட துளைகளும் கரண்ட் இல்லாமலே இதைத்தான் செய்கின்றன. 'காற்றோட்டம்' என்றதும் நிறைய ஜன்னல் வைப்பதுதான் பலருக்கும் தோன்றும். இங்கே அளவைவிடத் திசை முக்கியம். காற்று வெளியிலிருந்து அறைக்குள் வந்து, துளை வழியாகக் குழிக்குள் இறங்கி, குழாய் வழியாக மேலே போக வேண்டும்.

இந்த அமைப்பு புதிதல்ல. 1970களில் ஜிம்பாப்வேயின் பிளேர் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் மார்கன் உருவாக்கியது. அங்கே இதை பிளேர் கழிப்பறை என்றே சொல்வார்கள். அதன் உயிர் குழாயில் இருக்கிறது, உங்கள் வீட்டில் கோளாறும் அங்கேதான். குழாயின் வாய்க்கு மேல் காற்று வீசிப் போகும்போது கீழே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறது. கூரை மட்டத்தோடு குழாய் நின்றுவிட்டால் கூரையில் மோதிச் சுழலும் காற்றுதான் அதற்குக் கிடைக்கும்; சில நேரம் அது குழாய்க்குள்ளேயே இறங்கிவிடும். கூரையின் உச்சியைத் தாண்டி அரை மீட்டராவது உயர்த்துங்கள். பக்கத்தில் மரக்கிளை தொங்கினால் வெட்டிவிடுங்கள்.

75 மி.மீ. குழாய் இதற்குப் போதாது. 150 மி.மீ. போட்டால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும். செலவு இடித்தால் குறைந்தது 110 மி.மீ. எல்போ, வளைவு எதுவும் இல்லாமல் நேராக நிற்க வேண்டும். கீழ் முனை சிமென்ட் தளத்தின் அடிமட்டத்தோடு முடியட்டும். குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் குழி நிரம்பும்போது அடைத்துக்கொள்ளும். குழாயைக் கறுப்பாக்கி வெயில் படும் பக்கம் நிறுத்தினால் சூட்டில் காற்று மேலேறும். அது உதவிதான், ஆனால் பெரும்பாலும் இழுப்பைத் தருவது வீசும் காற்று. மழைக்குப் பயந்து தொப்பி போடுவார்கள். வேண்டாம், குழாய் வழியாக விழும் மழைநீர் கொஞ்சம்தான், தொப்பி கெடுக்கும் இழுப்பு அதிகம்.

குழாயின் உச்சியில் ஈ புகாத கம்பி வலை கட்டாயம். அறை அரையிருட்டாக இருந்தால், குழியிலுள்ள ஈக்கள் குழாய் வழியாகத் தெரியும் வெளிச்சத்தை நோக்கிப் பறந்து வலையில் சிக்கிச் சாகும். துருப்பிடிக்காத எஃகு வலை நல்லது. பிளாஸ்டிக் வலை வெயிலில் நைந்துபோகும். சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், அதுவே இழுப்பை நன்றாகக் குறைத்துவிடும். கொசுவுக்கு மட்டும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

அடுத்து சுவரிலுள்ள காற்றுத் துளைகள். உங்கள் இடத்தில் பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறதோ அந்தப் பக்கத்துத் துளையை மட்டும் விட்டு, மற்றவற்றை அடைத்துவிடுங்கள். அதன் பரப்பு குழாயின் குறுக்குப் பரப்பைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும்: 150 மி.மீ. குழாய்க்கு, 10 செ.மீ. உயரமும் 55 செ.மீ. நீளமும் உள்ள ஒரு இடைவெளி போதும். கதவு அந்தப் பக்கம் இருந்தால் அதற்கு மேலேயே விடலாம். தளத்திலும் குழியின் விளிம்பிலும் உள்ள வெடிப்புகளைச் சிமென்ட்டால் பூசுங்கள். காலடித் துளைக்கு மூடி போட்டிருந்தால் அது இறுக்கமாக உட்காரக் கூடாது. அடியில் சின்னக் கட்டை வைத்து இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் குழிக்குள் காற்று எப்படி இறங்கும்? (நீர் தேங்கி நிற்கும் பீங்கான் பதித்த கழிப்பறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே அந்த நீரே வாடையைத் தடுத்துவிடும்.)

சரி, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? கதவைச் சாத்திவிட்டு, டிஷ்யூ பேப்பரை மெல்லிய கீற்றாகக் கிழித்துக் காலடித் துளைக்கு மேல் பிடியுங்கள். கீழ்நோக்கி இழுபட்டால் சரி, மேலே பறந்தால் திசை இன்னும் தப்பு. காற்றே இல்லாத குளிர்ந்த விடியலில் மட்டும் சோதிக்காதீர்கள், அப்போது நல்ல குழாய்கூடச் சும்மா நிற்கும். அந்த நேரத்து வாடையும் ஆகாது என்றால் சின்ன சோலார் ஃபேன் ஒன்றைக் குழாய்க்குள் மேல்நோக்கித் தள்ளும்படி வைக்கலாம். சுவரில் அல்ல.

இதற்குப் பிறகும் மிச்சமிருப்பது குழியின் ஈரத்தால் வரும் வாடை. ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பலோ உலர்ந்த மண்ணோ மரத்தூளோ போடுங்கள், குளிக்கும் தண்ணீரைக் குழியில் விடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கொட்டுவது கூடாது. மலத்தை மக்கச் செய்யும் கிருமிகளை அது கொல்லும், சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயுவும் கிளப்பும்.

புதுக் குழாய்க்காகத் தளத்தை உடைக்கும்போது கதவைத் திறந்தே வையுங்கள். பீடி, தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம், குழியில் மீத்தேன் இருக்கும். உடைந்த துண்டு உள்ளே விழுந்தால் விட்டுவிடுங்கள். அதை எடுக்க யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், வாடை இல்லையே என்று இறங்கியவர் அப்படியே மயங்கி விழுவார்.