சி.டி.யில் தெரியும் நிழல் நுரையீரல் தொற்றா, இடைத்திசு மாற்றமா?

அப்பாவுக்கு 67 வயது, இருமல்கூட இல்லை, வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ரிப்போர்ட்டில் 'கிரவுண்ட் கிளாஸ்' (தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல்) என்று இருக்கிறது, இது டிபியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வைரஸ் நிமோனியாவிலும் அந்த மங்கல் வரும், நுரையீரலின் காற்றறைகளுக்கு இடையே உள்ள மெல்லிய திசுவில் ஏற்படும் மாற்றத்திலும், அதாவது இடைத்திசு மாற்றத்திலும் வரும். அது எங்கே இருக்கிறது, கூடவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். டிபி பெரும்பாலும் மேல் மடலைப் பிடிக்கும். துளிர் விட்ட கிளை போன்ற சிறு புள்ளிகள், சில சமயம் குழிவு. பாக்டீரியா நிமோனியா என்றால் ஒரு பகுதி அடர்ந்து வெளுத்திருக்கும். இடைத்திசு மாற்றம் அநேகமாக இரு பக்கமும், அடிப்பகுதியில், ஓரத்தையொட்டி வலைக்கோடுகளாகப் படியும். மூச்சுக்குழாய்கள் இழுபட்டு விரிந்திருந்தால் தழும்பு விழுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

மல்லாந்து படுத்து எடுக்கும்போது முதுகுப்புறம் அழுந்தியும் நிழல் விழும். குப்புறப் படுக்கவைத்து எடுத்தால் அது மறைந்துவிடும். தற்செயலாகத் தெரியவரும் இடைத்திசு மாற்றத்துக்கு, மார்புப் படங்களை ஆராயும் நிபுணர்களின் ஃபிளெய்ஷ்னர் சங்கம் 2020இல் தந்த வரையறை இத்தகைய நிழலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நுரையீரலின் மேல், நடு, கீழ் மண்டலங்களில் ஏதேனும் ஒன்றில் 5 சதவீதத்துக்கு மேல் மாற்றம் இருக்க வேண்டும் என்கிறது.

பழைய சி.டி. இருந்தால் தேடி எடுங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நிமோனியா போன்ற தொற்றின் நிழல் பெரும்பாலும் சில வாரங்களில் கரையும். தழும்பு அப்படியே நிற்கும். நம் ஊரில் டிபியை ஒதுக்கிவிட முடியாது. சளி வந்தால், அதில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையிலும் காட்டலாம். காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.