ஆடம்ஸுக்கு ஜெஃபர்சன் எழுதிய 1823 அக்டோபர் கடிதம்

கேள்வி: பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அரசியல் தலைவர்கள் எழுதிய தனிப்பட்ட கடிதங்களில் உங்களால் மறக்கவே முடியாதது எது?

எனக்கு யோசிக்கவே வேண்டாம். அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸுக்கு 1823 அக்டோபர் 12 அன்று எழுதிய கடிதம்தான். அப்போது ஜெஃபர்சனுக்கு 80 வயது, ஆடம்ஸுக்கு 88 நடக்கப்போகிறது. அந்தக் கடிதம் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்ல, முன்கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இருவரும் 1776 சுதந்திரப் பிரகடனக் குழுவில் ஒன்றாக உழைத்தவர்கள், ஐரோப்பாவில் தூதர்களாகக் குடும்பத்தோடு பழகியவர்கள். அப்புறம் கட்சி வந்தது. 1800 தேர்தலில் ஆடம்ஸ் ஜெஃபர்சனிடம் தோற்றார். பதவியேற்பு விழாவுக்கு நிற்காமல் 1801 மார்ச் 4 அன்று விடியுமுன்பே தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய பதினொரு வருஷம் இருவருக்கும் பேச்சே இல்லை. நடுவில் 1804ல் ஜெஃபர்சனின் மகள் மேரி இறந்தபோது ஆடம்ஸின் மனைவி அபிகெய்ல் கணவருக்குச் சொல்லாமலே ஆறுதல் கடிதம் எழுதினார். லண்டனில் அந்தப் பெண் சிறுமியாக வந்து இறங்கியபோது கூட வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர், மனசு கேட்கவில்லை. ஆனால் இரு பக்கமுமாக ஏழு கடிதத்துக்குள் பழைய அரசியல் காயங்கள் கிளம்பி, அதுவும் அறுந்துபோனது.

மறுபடி சேர்த்துவைத்தவர் இருவருக்கும் நண்பரான பிலடெல்ஃபியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ். நீங்கள் இருவரும் சமாதானமானதாகக் கனவு கண்டேன் என்று 1809லேயே ஆடம்ஸுக்கு எழுதினார். விடாமல் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1812 ஜனவரி 1 அன்று ஆடம்ஸ் தன் பேனாவை எடுத்தார். சின்னக் கடிதம். உள்நாட்டு உற்பத்தியை ஆதரிப்பவராயிற்றே நீங்கள், எங்கள் பக்கம் நெய்த கைநெசவு இரண்டு உருப்படி தபாலில் அனுப்பியிருக்கிறேன், நெய்தவர் சிறுவயதில் உங்கள் அன்பைப் பெற்றவர் என்று எழுதியிருந்தார். உண்மையில் அது துணியே இல்லை. அவருடைய மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் பேச்சுக்கலை பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளின் இரண்டு தொகுதிகள்! கடிதம் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டது, பொட்டலம் பின்தங்கிவிட்டது. ஜெஃபர்சன் நிஜமாகவே துணி வருகிறது என்று நம்பி, வர்ஜீனியாவில் வீட்டு நெசவு எப்படி நடக்கிறது, பஞ்சு கோத எந்த இயந்திரம், நூற்க எது, குடும்பத்தில் ஆளுக்கு ஒரு ஆடு இருந்தால் கம்பளித் துணிக்குப் போதும் என்றெல்லாம் விலாவாரியாகப் பதில் எழுதினார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பதினொரு வருஷ மௌனத்தை உடைக்கும்போது எதைப் பேசுவது என்று தெரியாமல், கையில் கிடைத்த துணியையும் ஆட்டையும் பிடித்துக்கொள்கிறார். அதைத் தாண்டிய பிறகுதான், நாம் இருவரும் ஒரே துடுப்பைப் பிடித்து வலித்தவர்கள் என்று உள்ளே இருப்பது வெளியே வருகிறது.

அதிலிருந்து 1826 வரை 158 கடிதங்கள். அதில் ஆடம்ஸ் எழுதியவை 109, ஜெஃபர்சன் எழுதியவை 49. நான் நாலு எழுதி நீங்கள் ஒன்று எழுதினால் என்ன, உங்கள் ஒன்று என் நாலைவிட மேல் என்று ஆடம்ஸே 1813 ஜூலையில் எழுதினார். அதே கடிதத்தில்தான், நாம் ஒருவருக்கொருவர் நம்மை விளக்கிக்கொள்ளாமல் சாகக்கூடாது என்ற வரியும் வருகிறது. ஜெஃபர்சன் பக்கமும் நியாயம் உண்டு. 1820ல் ஒரே வருஷத்தில் தனக்கு வந்த கடிதங்களை அவர் எண்ணிப் பார்த்தார், 1,267! பாரிஸில் 1786ல் ஒடிந்த வலது மணிக்கட்டு ஒழுங்காகச் சேரவே இல்லை, முதுமையில் இடது கையும் ஒடிந்தது. மேஜையில் இரட்டைப் பேனா பூட்டிய ஒரு சாதனம் வைத்திருந்தார். ஒரு பேனாவைப் பிடித்து எழுதினால், சட்டங்களால் பிணைத்த இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதும். அவர் அனுப்பிய எத்தனையோ கடிதங்களின் நகல் அவரிடமே தங்கியது இப்படித்தான்.

சரி, 1823க்கு வருகிறேன். பேச்சு இல்லாத காலத்தில் இருவருமே மூன்றாம் மனிதர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒருவரையொருவர் கடுமையாகச் சாடியிருந்தார்கள். முதலில் 1813ல் ஜெஃபர்சன் மாட்டிக்கொண்டார். 1801ல் அவர் விஞ்ஞானி பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதம் லண்டனில் அச்சேறி, ஆடம்ஸ் கண்ணில் பட்டது. ஆடம்ஸ் கொதித்துப்போய் அடுத்தடுத்துக் கடிதம் போட்டார், ஜெஃபர்சன் விளக்கம் சொன்னார். பத்து வருஷம் கழித்து ஆடம்ஸின் முறை. கன்னிங்ஹாம் என்பவருக்கு அவர் மனக்கசப்பில் எழுதியிருந்த கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தன. குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கிய நேரம், அடி விழ வேண்டியது அதில் போட்டியிட இருந்த மகன் ஜான் குவின்சிக்கு. ஜெஃபர்சனைப் பற்றிய வசைகள் அதில் நிறைய.

ஜெஃபர்சன் விளக்கம் கேட்கவில்லை, ஆடம்ஸ் இதைப் பற்றி முதலில் எழுதட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. முடங்கிய மணிக்கட்டோடும் விரல்களோடும் எழுதுவது பெரும்பாடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தானே முந்திக்கொண்டு எழுதினார். இந்த வயதில் பழையதைத் தோண்டி நம் அந்திமக் காலத்து அன்பைக் கெடுத்துக்கொள்வோமா, முதுமையின் தலையணையில் முள் நடப் பார்க்கிறார்கள், அது என்னைத் தொடவே தொடாது, நீங்களும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் சாரம். தன்னை ஏசியவர் கூனிக்குறுக வேண்டிய அவசியமே வராதபடி பார்த்துக்கொள்கிறார் பாருங்கள், அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு நண்பன் என்னைப் பற்றி வேறொருவரிடம் சொன்னது காதுக்கு வந்து, அதற்காகவே நான் நாலு வருஷம் அவனோடு பேசாமல் இருந்தவன்.

அந்தக் கடிதம் ஆடம்ஸின் ஊரான குவின்சிக்கு வந்தபோது ஆடம்ஸ் குடும்பத்தோடு காலை உணவில் இருந்தார். கண் தெரியாததால் வீட்டுப் பெண் ஒருத்தியைப் பிரித்துப் படிக்கச் சொன்னார், எனக்கும் அவருக்கும் ரகசியம் கிடையாது என்று. படித்து முடித்ததும் மேஜையைச் சுற்றி எல்லோரும், இதைவிட நல்ல கடிதம் யாருமே எழுதியதில்லை என்று சொன்னார்களாம். நவம்பர் 10 பதிலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. அடிமை முறையைப் பற்றி இவ்விருவரும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. ஜெஃபர்சன் பெருமையாக எழுதிய அந்த வீட்டு நெசவில், அவருடைய பண்ணையான மான்டிசெல்லோவில் நூற்றதும் நெய்ததும் அவருடைய அடிமைப் பெண்களும் குழந்தைகளும்தான். கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அடிமைகளே வைத்திராத ஆடம்ஸ் 1821ல், அரை நூற்றாண்டாக இந்த நாட்டின்மேல் கருமேகம்போலத் தொங்குகிறது என்று எழுதியவர், அதைத் தென்மாநிலத்துக்காரர்களிடமே விட்டுவிடுகிறேன் என்றும் எழுதினார். ஜெஃபர்சன் இறந்த மறுவருஷம் அங்கே 130 பேர் ஏலத்துக்கு விடப்பட்டார்கள். அந்த அன்பு உண்மை, இந்த மௌனமும் உண்மை. நான் இரண்டையும் சேர்த்தேதான் படிக்கிறேன்.

1826 ஜூலை 4, பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளில், சில மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தது பலருக்கும் தெரிந்த செய்தி. அவர்களுடைய கடைசிக் கடிதங்கள் எதைப் பற்றியவை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மார்ச்சில் ஜெஃபர்சன், பாஸ்டன் பக்கம் வரும் என் பேரன் ராண்டால்ஃப் உங்களைப் பார்க்காமல் திரும்பினால் எதையுமே பார்க்காததுபோல நினைப்பான் என்று எழுதி அனுப்பினார். பேரன் வந்து பார்த்தான். ஏப்ரல் 17 அன்று ஆடம்ஸ் எழுதிய பதிலில் அவனுடைய உயரத்தைப் பற்றியும் பேச்சு வருகிறது. வர்ஜீனியாக்காரர்கள் நீங்கள் எல்லோரும் எப்படி ஏனாக்கின் புத்திரர்களாகவே (பைபிளில் வரும் ராட்சத வம்சம்) பிறக்கிறீர்கள், உங்கள் ராண்டால்ஃப் பக்கத்தில் நாங்கள் குள்ளர்களாகத் தெரிகிறோமே என்று கேட்டிருந்தார்.