வுட்ஹவுஸ் கடைசி காலத்துல எழுதுன புக்ஸ்: எதை வாங்கலாம், எப்படிப் படிக்கலாம்

கேள்வி: இங்கிலீஷ் நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸோட பழைய ஜீவ்ஸ் நாவல் நாலஞ்சு படிச்சுட்டேன். வயசான காலத்துல எழுதுனதெல்லாம் சப்புன்னு இருக்கும்னு சொல்றாங்களே, வாங்கலாமா?

தாராளமா வாங்கலாம்ங்க. ஆனா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பேரை நல்லா பாத்துக்கோங்க, ஏன்னா இவரோட நிறைய புக்குக்கு இங்கிலாந்துல ஒரு பேரு, அமெரிக்கால வேற பேரு. 1974ல வந்த 'ஆன்ட்ஸ் ஆரின்ட் ஜென்டில்மென்'தான் அங்க 'தி கேட்-நாப்பர்ஸ்', 1969ல வந்த 'எ பெலிகன் அட் பிளான்டிங்ஸ்'தான் 'நோ நியூட்ஸ் இஸ் குட் நியூட்ஸ்'. ஒரே கதைக்கு ரெண்டு தடவை காசு அழாதீங்க.

சப்புன்னு இருக்கும்ங்கறது பாதி உண்மை. 1938 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்'ல முடிச்சு மேல முடிச்சு போட்டு மூச்சு முட்ட வைப்பாரு, கடைசி புக்ஸ்ல அந்த அடர்த்தி கிடையாது, சைஸும் சின்னது, பழைய ஜோக்கே திரும்பத் திரும்ப வரும். ஆனா சொல்ற விதத்துல அந்தக் குறும்பு போகவே இல்ல. 'ஆன்ட்ஸ்' கதையவே எடுத்துக்கோங்க, ஜீவ்ஸ்ங்கற கெட்டிக்கார வேலைக்காரரோட முதலாளி பெர்ட்டிக்கு நெஞ்சுல புள்ளி புள்ளியா வருது, டாக்டர் கிராமத்துக்குப் போய் ரெஸ்ட் எடுங்கறாரு, அங்க போனா டாலியா அத்தை ஒரு ரேஸ் குதிரை மேல பணம் கட்டியிருக்காங்க, எதிர் குதிரைக்குப் பக்கத்துல ஒரு பூனை இல்லன்னா அதுக்கு ஓடற மூடே வராதாம், அதனால பூனையவே ஆள் வச்சுத் தூக்கிடறாங்க! இதை எழுதும்போது மனுஷனுக்கு 90 தாண்டிடுச்சு.

முதல்ல 1963 'ஸ்டிஃப் அப்பர் லிப், ஜீவ்ஸ்' படிங்க, 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்'ல வந்த அதே டாட்லீ டவர்ஸ் மாளிகை, அதே ஆளுங்க. அப்புறம் 1971 'மச் ஆப்ளைஜ்ட், ஜீவ்ஸ்', அவரோட 90வது பிறந்தநாளுக்கு வந்தது. பட்லருங்க கிளப்ல முதலாளிங்களைப் பத்தி எழுதி வைக்கற நோட்டு இருக்குல்ல, 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்'ல பெர்ட்டியைப் பத்தி 11 பக்கம்தான், இதுல 18 ஆயிடுச்சு. அமெரிக்கப் பதிப்புல முடிவு கொஞ்சம் வேற, ரெண்டுல ஒன்னுதான் வாங்கறீங்கன்னா எனக்கு இங்கிலாந்துப் பதிப்புதான் பிடிக்கும். அதுக்கப்புறம் 'ஆன்ட்ஸ்'.

'சன்செட் அட் பிளான்டிங்ஸ்' கடைசில. 1975 பிப்ரவரில இறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு அவர் கூடவே எடுத்துட்டுப் போன, எழுதி முடிக்காத கையெழுத்துப்பிரதி அது, 16 அத்தியாயம்தான், 1977ல அவரோட குறிப்புகளையும் சேர்த்துப் போட்டாங்க. பிளாட்டை எப்படி யோசிச்சு யோசிச்சு மாத்தறாருன்னு பாக்க ஆசைன்னா வாங்குங்க, கதை முடியணும்னு நினைக்கற ஆளுன்னா லைப்ரரில புரட்டிப் பாத்தா போதும்.