வீட்டில் வளரும் இளம் நாய் எல்லோரையும் அடக்கி ஆள்கிறது. நாம்தான் தலைவர் என்று அதற்கு எப்படிப் புரியவைப்பது?

தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது, சோஃபாவை விட்டு இறங்க மறுக்கிறது, வயது பத்து மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 'ரெண்டு போடு போட்டா அடங்கிடும்' என்று இந்நேரம் உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ராஜபாளையம் ஆண். பெயர் வீரா. மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான், கணவர், அத்தை, பள்ளிக்குப் போகும் மகள். (அடுக்குமாடியில் ராஜபாளையமா என்று பொங்குகிறவர்களுக்கு: காலையும் மாலையும் அவனை நன்றாக ஓடவிட்டுத்தான் வளர்க்கிறோம்.) ஒரு வயதை நெருங்கும்போது தொடங்கியது. அவன் சாப்பிடுகையில் அத்தை பக்கத்தில் கூட்டப் போனால் உடம்பு விறைத்துவிடும். தலையை இன்னும் தட்டுக்குள் அழுத்தி அவக் அவக்கென்று விழுங்குவான். பிறகு உறுமல்.

கொழுந்தனார் ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்தார். எனக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை, சொல்லியும் பார்த்தேன். மருமகள் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும்? அந்த ஆள் வீராவைக் கழுத்தைப் பிடித்து மல்லாத்தி, அவன் அசையாமல் கிடக்கும்வரை அமுக்கினார். 'இனிமே யார் தலைவர்னு அதுக்குத் தெரியும்' என்றார். உறுமல் நின்றது உண்மைதான். ஆனால் கொஞ்ச நாளில் உறுமாமலே பாய்ந்து அத்தையின் சேலையைக் கவ்வினான். உறுமல் என்பது 'கிட்டே வராதே' என்று நாய் முன்கூட்டியே சொல்வது. அதற்கு அடி கொடுத்தால் சொல்வதை நிறுத்திக்கொள்ளும்; பயம் உள்ளே அப்படியேதான் இருக்கும்.

இந்தத் 'தலைவன்' கதையே நாயைப் பார்த்து வந்ததல்ல. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதியது. அதைத் தன் நூலில் எடுத்தாண்டு பரப்பிய டேவிட் மீச் என்ற ஓநாய் ஆய்வாளர், காட்டு ஓநாய்களைக் கவனித்தபின் 1999-ல் தானே திருத்தி எழுதினார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட குடும்பம்தான். இந்த வயதில் நாய் பேச்சுக் கேட்காமல் போவதும் புதிதில்லை. எட்டு மாத நாய்கள் வளர்ப்பவர் சொல்லையே குறைவாகக் கேட்பதை 2020-ல் இங்கிலாந்தில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள்.

எங்களுக்குப் பலித்தது இதுதான். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். காது வலி, பல் வலி இருந்தாலும் நாய் சீறும். பிறகு தட்டில் கை வைப்பதை எல்லோரும் அடியோடு விட்டோம். அத்தை தூரத்தில் நின்று, வேகவைத்த கோழித் துண்டைத் தட்டுப் பக்கம் வீசிவிட்டு நகர்ந்துவிடுவார். அவன் உடம்பு தளர்ந்திருந்தால் மட்டும் அடுத்த முறை கொஞ்சம் கிட்டே. இந்த அம்மா வந்தால் சோறு போகாது, கூடக் கொஞ்சம் வரும் என்று அவனுக்குப் புரிய மாதக்கணக்கில் ஆனது. இப்போது அத்தை வந்தால் வால் ஆடுகிறது. சோஃபாவிலிருந்தும் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதில்லை. கீழே அவனுக்கென்று பாய், அங்கே போய்ப் படுத்தால் ஒரு துண்டு. கணவர் ஏற்றிவிட, நான் இறக்கிவிட என்று இருந்தால் எந்த நாயும் குழம்பும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்.

நான் மருத்துவரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. 'நாங்க அடிச்சுத்தான் வளர்த்தோம், நல்லாத்தான் இருக்கு' என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் கோபமெல்லாம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் மேல். நாயோடு லிஃப்டில் ஏறக்கூடாதாம். சங்கங்கள் அப்படித் தடுக்கக்கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அச்செடுத்துக் கொடுத்தேன், படித்துக்கூடப் பார்க்கவில்லை. முழங்கால் வலியோடு அத்தையும் படியேறித்தான் வீராவை அழைத்து வருகிறார்.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், நாய் சாப்பிடும்போது அந்த அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். பல் பட்டுத் தோல் கீறினால், 'தடுப்பூசி போட்ட நாய்தானே' என்று விட்டுவிடாமல் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.