இசை கேள்வி – பதில்: சுவரொட்டியிலிருந்து மேடைக்கு வந்த லைபாக்

கேள்வி: ஸ்லொவேனியாவின் லைபாக் இசைக்குழு ஓவியம், சுவரொட்டி, திரைப்படம் என்று பல கலைகளோடு தொடங்கியதாகப் படித்தேன். ஆலை, இயந்திர ஓசைகளையும் இரைச்சலையும் இசையாக்கும் இண்டஸ்ட்ரியல் இசையில் அவர்கள் உலகப் பெயர் பெற்றது எப்படி? மற்ற கலைகளைக் கைவிட்டதால்தான் வளர்ந்தார்களா?

பதில்: கைவிடாததால்தான் வளர்ந்தார்கள் என்பது என் உறுதியான எண்ணம். 1980 ஜூன் மாதம், ஸ்லொவேனியா அப்போது அங்கம் வகித்த சோசலிச யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோ இறந்து ஒரு மாதம் கூட முழுமையாக ஆகாத நிலையில், ட்ரபோவ்ல்யே என்ற நிலக்கரிச் சுரங்க நகரத்தில் இக்குழு தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் கண்காட்சியும் இசையும் சேர்ந்த ஒரு நிகழ்ச்சியை நடத்தத் திட்டமிட்டு, கறுப்புச் சிலுவை பொறித்த சுவரொட்டிகளை ஊரெங்கும் ஒட்டினார்கள். அவற்றைக் கண்ட அதிகாரிகள் நிகழ்ச்சியையே தடை செய்தார்கள். ஒரு சுரம் கூட ஒலிப்பதற்கு முன்பே, வெறும் அச்சுத்தாளால் ஓர் அரசைக் கலங்கவைக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தச் சிலுவை ரஷ்ய ஓவியர் மாலெவிச்சின் படைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. குழுவின் பெயரோ லுப்லியானா நகரத்தின் ஜெர்மானியப் பெயர். நாஜி ஆக்கிரமிப்பின் நினைவு ஆறாத நாட்டில் அந்தப் பெயர் எத்தனை பேரைப் புண்படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கட்டாய இராணுவ சேவை முடிந்து உறுப்பினர்கள் திரும்பிய பிறகு, 1982-இல்தான் மேடைக் கச்சேரிகள் தொடங்கின. கிராமபோன், வானொலிப் பெட்டி, ஒலிநாடா, தாங்களே உருவாக்கிய மின்னணுக் கருவிகள், இவற்றோடு முரசு என்று, சுரங்கமும் ஆலையும் சூழ்ந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இயல்பாக வாய்த்த ஓசையையே அவர்கள் இசையாக்கினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பாடகர் தொமாஷ் ஹோஸ்த்னிக் தம் உயிரை மாய்த்துக்கொண்டது குழுவுக்குப் பேரிழப்பு. ஆயினும் 1983-இல் ஸாக்ரெப் இசை விழாவில், டிட்டோ தோன்றும் காட்சிகளும் ஆபாசப் படமும் ஒரே நேரத்தில் திரையிடப்பட்ட நிகழ்ச்சியைக் காவலர்கள் இடையில் நிறுத்த நேர்ந்த அளவுக்குக் குழு துணிந்து நின்றது. அதே ஆண்டு ஜூனில் சீருடை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, எந்தக் கேள்விக்கும் முகம் மாறாமல், எழுதி வைத்த பிரகடனங்களையே விடையாக வாசித்தார்கள். அதைத் தொடர்ந்து லுப்லியானாவில் அந்தப் பெயரில் நிகழ்ச்சி நடத்தத் தடை விதிக்கப்பட்டது. 1987 வரை அது நீடித்தது.

தடைக்காலத்தை அவர்கள் பயன்படுத்திய விதம் வியக்கத்தக்கது. 1984 டிசம்பரில் லுப்லியானாவில் நடந்த கச்சேரிக்கான சுவரொட்டியில் பெயரே இல்லை. சிலுவையும் இடமும் மட்டும் இருந்தன. கூட்டம் வந்தது. 1985-இல் வெளியான முதல் இசைத்தட்டின் அட்டையிலும் குழுவின் பெயர் இல்லை. இர்வின் என்ற ஓவியர் குழுவோடும், ஸ்கிபியோன் நாஸிகா சகோதரிகள் என்ற நாடகக் குழுவோடும் இணைந்து 1984-இல் நோய்யே ஸ்லோவேனிஷே குன்ஸ்ட் (ஜெர்மன் மொழியில் ‘புதிய ஸ்லொவேனியக் கலை’) என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஓவியத்தையும் நாடகத்தையும் வடிவமைப்பையும் தோழமைக் குழுக்கள் ஏற்றுக்கொண்டதால், இசையைப் பெரிதாக்கும் வாய்ப்பு லைபாக்குக்குக் கிடைத்தது. 1987-இல் லண்டனின் மியூட் நிறுவனம் ஓபுஸ் டெய் இசைத்தட்டை வெளியிட்டபோது, ஐரோப்பா முழுவதும் அவர்களுடைய பெயர் பரவியது.

கேள்வி: சீருடையும் இராணுவ நடையும் கொண்ட இவர்கள் பாசிச ஆதரவாளர்கள் அல்லரா?

பதில்: இல்லை என்றே கருதுகிறேன், ஆனால், ‘நாங்கள் அப்படியில்லை’ என்று அவர்கள் மேடையில் ஒருபோதும் விளக்கம் தந்ததில்லை என்பதால், உங்கள் ஐயம் நியாயமானதே. அவர்கள் கிண்டல் செய்வதில்லை, கண்ணடிப்பதில்லை. அதிகாரத்தின் சடங்கை அதிகாரத்தை விடத் தீவிரமாக நிகழ்த்திக் காட்டுகிறார்கள். ஸ்லொவேனிய மெய்யியலாளர் ஸ்லவோய் ஜிஜெக், அதிகாரம் சொல்லாமல் மறைப்பதை இந்த முறை வெளியே கொண்டுவருகிறது என்று வாதிட்டார். ஓபுஸ் டெய் உள்ளட்டையில் கோடரிகளால் ஆன ஸ்வஸ்திகா இருப்பதைக் கண்டு பலர் அதிர்ந்தனர். அந்தப் படிமமோ நாஜிகளைத் தம் கலையால் எதிர்த்த ஜான் ஹார்ட்ஃபீல்டுடையது.

இதைவிடத் தெளிவான சான்று, கூட்டமைப்பின் வடிவமைப்புக் குழு, டிட்டோவின் பிறந்தநாளாக யூகோஸ்லாவியா கொண்டாடிய இளைஞர் தினத்தின் 1987 சுவரொட்டிப் போட்டிக்கு அனுப்பிய சுவரொட்டி. நாஜிக் கால ஓவியர் ரிச்சர்ட் க்ளைனின் படத்தில் கொடியையும் கழுகையும் மட்டும் மாற்றி, யூகோஸ்லாவியக் கொடியையும் புறாவையும் வைத்திருந்தார்கள். நடுவர்கள் அதையே தேர்ந்தெடுத்தார்கள். மூலம் தெரிய வந்ததும் பெரும் அமளி எழுந்தது. சோசலிச அரசு விரும்பிய அழகும் பாசிசம் விரும்பிய அழகும் எவ்வளவு நெருங்கியவை என்பதை எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக நிறுவியிருக்க முடியாது.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஓபுஸ் டெய் இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். குவீன் குழுவின் ‘ஒன் விஷன்’ பாடலை அவர்கள் ஜெர்மன் மொழியில், படை அணிவகுப்பின் கதியில் பாடியிருப்பதை முதலில் கேளுங்கள். அதற்கு முன்பு மூலப் பாடலை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. ஒரே இனம், ஒரே நோக்கம் என்ற வரிகள் மூலத்திலேயே இருப்பவைதான். பிறகு 1985-இன் முதல் இசைத்தட்டுக்குச் செல்லலாம். அது கடினமானது, இரைச்சல் மிகுந்தது. ஆனால், அவர்கள் பிறந்த சுரங்க நகரம் அதில்தான் அதிகமாக ஒலிக்கிறது.